கோதுமை நிறம், சாதாரண உடல்வாகு

நாளிதழின் உட்பக்கங்களில் சிறு கட்டமாக வெளிவரும் 'காணவில்லை' அறிவிப்பை நாம் பெரும்பாலும் முழுமையாகப் படிப்பதில்லை. மங்கலான புகைப்படம், வயது, உயரம், காணாமற்போன அன்று அணிந்திருந்த சட்டையின் நிறம், அதன்பின் 'மாநிறம்' என்று ஒரு சொல். அச்சொல்லைக் கொண்டு எவரையும் கண்டுபிடித்துவிட இயலாது. பேருந்தில் நம்முடன் வருவோரில் பாதிப்பேர் மாநிறத்தவரே.

கர்நாடகத்தில் இவ்வகை அறிவிப்புகளில் இடம்பெறும் வாசகம் 'கோதி பண்ண, சாதாரண மைகட்டு'. கோதுமை நிறம், சாதாரண உடல்வாகு என்பது பொருள். கன்னடத்தின் 'பண்ண' நம் வண்ணம். 'மைகட்டு' நம் மெய்க்கட்டு. பெங்களூரில் வாழும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாசகத்தையே தலைப்பாகக் கொண்டு 2016 ஜூன் 3 அன்று ஒரு திரைப்படம் வெளிவந்தது. ஹேமந்த் எம். ராவ் இயக்கிய முதல் படம் அது.

கதையின் தொடக்கம் எளியது. மறதிநோய் கண்ட வெங்கோப ராவ் பெங்களூரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மும்பையில் பணிபுரியும் மகன் சிவா ஊர் திரும்புகிறான். தந்தையை வெளியே அழைத்துச் சென்று புத்தாடை வாங்கித் தருகிறான். திரும்பும் வழியில், அவன் கவனம் சிதறிய வேளையில், தந்தை காணாமற்போகிறார். இல்லத்தின் மருத்துவர் சகனாவுடன் சேர்ந்து மகன் நகரெங்கும் தேடுகிறான். தாய் மறைந்தபின் தந்தைக்கும் மகனுக்கும் இடையே விழுந்த தொலைவு, இந்தத் தேடலில்தான் அவனுக்கே புலப்படுகிறது. தந்தையின் காதல் கதையையும், அவருடைய விருப்பு வெறுப்புகளையும் அம்மருத்துவர் அறிந்திருக்கிறார், மகன் அறியான். சுவரொட்டியில் அச்சிட அவனிடம் உள்ளவை நிறமும் உடல்வாகும் மட்டுமே.

தந்தையோ, கொலையுண்ட ஒருவரின் உடலை மறைக்கப் புறப்பட்ட அடியாட்களிடம் தற்செயலாகச் சிக்கிக்கொள்கிறார். பின்னர் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் அனைவரும் அடைபட்டுக் கிடக்க நேர்கிறது. இப்பகுதியில் துப்பறியும் கதைக்குரிய பரபரப்புச் சற்றே மிகுதி என்பது நம் எண்ணம். ஆயினும் படத்தின் உயிர் இங்குதான் இருக்கிறது. மனைவி இறந்துவிட்டதை நோய் அவ்வப்போது மறக்கச் செய்கிறது. மனைவி மீதுள்ள காதலை அதனால் அழிக்க இயலவில்லை. துப்பாக்கி ஏந்தியவனிடமும் அவர் அக்காதலையே பேசுகிறார். கேட்பவன் ரங்கா என்னும் அடியாள். இவ்வாறு அவனிடம் எவரும் பேசியதில்லை போலும். அவனுக்குள் ஏற்படும் மாற்றத்தை வசிஷ்ட சிம்ஹா முகத்தில் மெல்ல மெல்லக் கொண்டுவருகிறார்.

வெங்கோப ராவாக நடித்த அனந்த் நாக்கை, 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரின் வழியே நம் தலைமுறை அறியும். 2025-இல் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. இப்படத்தில் அவர் அழுது நம்மை அழவைக்க முயலவில்லை. சொல்லத் தொடங்கிய சொல் கைநழுவும்போது ஒரு கணம் புன்னகைத்துச் சமாளிக்கிறார். மறதிநோயாளரோடு வாழ்ந்தவர்கள் அப்புன்னகையை உடனே அடையாளம் காண்பர். மகனாக ரக்‌ஷித் ஷெட்டியும், மருத்துவராகச் சுருதி ஹரிஹரனும் நடித்துள்ளனர்.

2018-இல் இராதாமோகன் இயக்கத்தில் இக்கதை '60 வயது மாநிறம்' எனத் தமிழுக்கு வந்தது. இசை இளையராஜா. மகன் விக்ரம் பிரபு, அடியாள் சமுத்திரக்கனி. தந்தையாக நடித்த பிரகாஷ் ராஜ் பெங்களூரில் பிறந்தவர் என்பது பொருத்தமே. இரண்டையும் பார்க்க வாய்ப்புள்ளோர் கன்னடப் படத்தை முதலில் பார்க்கலாம். பெங்களூரின் தெருக்களும் அதில் ஒரு பாத்திரம்.

இது வெறும் கதையன்று. 2023-இல் வெளியான ஆய்வொன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர். பெங்களூரில் மாநகரக் காவல் துறையும் நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் இணைந்து 2002-இல் முதியோருக்கென 1090 என்னும் உதவி எண்ணைத் தொடங்கின. நாடு முழுமைக்குமான முதியோர் உதவி எண் 14567.

வங்கிக் கிளையில் பணியாற்றியோருக்கு வெங்கோப ராவ் புதியவரல்லர். ஓய்வூதியம் வரும் வாரத்தில் முதல் ஆளாக வந்து நிற்பார். கணக்கில் மாற்றம் ஏதுமில்லாதபோதும் கணக்குப் புத்தகத்தைப் பதிவிடச் சொல்வார். கையொப்பம் ஒத்துவராதபோது கலங்குவார். 70 வயதைக் கடந்தோருக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டிற்கே சென்று வழங்க வேண்டும் என 2017-இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. நடக்க இயலாதோருக்குப் பெரும் உதவி அது. ஆயினும், யாரிடமாவது நான்கு சொல் பேசலாம் என்பதற்காகவே கிளைக்கு வருவோர் உளர். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் மற்றொரு வாடிக்கையாளரே தேவை. கூட்டுக் கணக்கு, நியமனதாரர் பதிவு ஆகியவற்றைத் தந்தைக்கு நினைவு நன்றாக இருக்கும்போதே முடித்துவைத்தல் நலம். அதற்கும் ஒருவர் அவருடன் வந்து அமர வேண்டும்.

இக்கட்டுரையை எழுதும்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு சிறு முயற்சி செய்தோம். அவரவர் தந்தையை அடையாளம் காட்டும் ஐந்து வரிகளை, நிறமும் உயரமும் சேர்க்காமல், எழுதுவது. எளிதென்றே எண்ணினோம். மூன்றாம் வரியிலேயே பலரும் நின்றுவிட்டோம். நண்பர் ஒருவர் தழும்பு என்று எழுதினார். அது வலக்கையிலா இடக்கையிலா என்பது நினைவுக்கு வரவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார். தந்தைதான் எடுத்தார். பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. தழும்பைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டதாக, இருக்கைக்குத் திரும்பிய பிறகே சொன்னார்.