இசைத்தட்டும் இசையோடையும்

இசையை விரும்பாத மக்கள் இலர். தொட்டிலிற் கிடக்கும் குழவியும் தாலாட்டுக் கேட்டுக் கண் வளர்கின்றது. வயலில் நாற்று நடுவோரும் பாட்டினால் தம் களைப்பை மறக்கின்றனர். ஆயினும், இசைக்கு ஓர் இயல்பு உண்டு. ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பம் கல்லில் நிற்கும். இசையோ காற்றில் எழுந்து காற்றிலேயே கரையும். அவ்வாறு கரையும் இசையைப் பிடித்து வைத்து, வேண்டும்போது மீண்டும் கேட்க வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு நெடுங்காலமாக இருந்து வந்தது.

பதிந்த ஒலியை மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமெரிக்க நாட்டு அறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஆக்கினார். பத்தாண்டுகள் கழித்து, எமில் பெர்லினர் என்பார் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டார். பின்னர்க் கிராமபோன் தட்டும் ஒலிநாடாவும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லங்களில் இடம் பெற்றன. பிலிப்ஸ், சோனி என்னும் நிறுவனங்கள் இரண்டும் கூடி வகுத்த குறுந்தகடு, 1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இக்காலத்திலோ பலர் குறுந்தகட்டுப் பெட்டியை ஒதுக்கிவிட்டுக் கணினியின் வாயிலாக இசை கேட்கின்றனர். இம்மாற்றத்தால் பெறுவது யாது, காக்க வேண்டுவது யாது என்பன அறியத்தக்கவை.

குறுந்தகடு 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. கிராமபோன் தட்டில் ஒலியின் அசைவே வரிப்பள்ளமாக அமைந்திருக்கும். குறுந்தகட்டில் இருப்பதோ அவ்வசைவை அளந்து எழுதிய எண்களேயாம். களத்து நெல்லை மரக்காலால் அளந்து எண்ணிச் சொல்லுதல்போல, கருவி ஒலியின் ஏற்றத் தாழ்வை ஒரு நொடியில் 44,100 முறை அளந்து எண்ணாகக் குறிக்கின்றது. மக்கட் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்பதற்கு அதனை இருமுறைக்கு மேல் அளத்தல் வேண்டும் என்பது அறிவியலார் கண்ட விதி. ஆதலினாலேயே அளவின் தொகை நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டதாக வகுக்கப்பட்டது.

ஒவ்வோர் அளவும் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டு குறிகளைக் கொண்டே 16 இடங்களில் எழுதப்படும். இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் தனித்தனியே எழுதப்படுதலின், 44,100-ஐ 16-ஆலும் 2-ஆலும் பெருக்கினால், ஒரு நொடி இசைக்கு 14,11,200 குறிகள் ஆகின்றன. இவை கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகளாகத் தகட்டின் உள்ளிருந்து விளிம்பு நோக்கிச் சுருள்சுருளாகச் செல்கின்றன. லேசர் ஒளி அக்குழிகளின்மேற் பட்டு மீளும் வேறுபாட்டைக் கொண்டு கருவி எண்களைப் படிக்கின்றது.

தகட்டில் கீறல் விழுந்தால் என் செய்வது? பிழை திருத்துதற்குரிய குறிகளும் இசையோடு சேர்த்தே எழுதப்பட்டிருத்தலின், சிறு கீறலால் தீங்கு இல்லை. கீறல் பெரிதாயின், முன்னும் பின்னும் உள்ள எண்களைக் கொண்டு விடுபட்டதைக் கருவி ஊகித்து நிரப்பும். அதுவும் இயலாதபோது இசை தடுக்கி நிற்கும். பாட்டு ஓடிக்கொண்டே இருத்தலால், நின்று நிதானித்துப் படிக்க அதற்குப் பொழுது இல்லை.

கணினிக்கு அத்தகைய விரைவு வேண்டுவதில்லை. தகட்டில் உள்ள இசையைத் தன்னுள் பெயர்த்துக் கொள்ளும்போது, ஐயத்துக்குரிய இடத்தை அது பலமுறை படித்து ஒப்பிட்டுப் பார்க்கவல்லது. பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதுவோர், தெளிவில்லாத எழுத்தைத் திரும்பத் திரும்ப நோக்கி எழுதுதலை இஃது ஒக்கும். ஆதலின், கீறல் பட்ட தகட்டிலிருந்தும் செம்மையான படி கிடைத்தல் கூடும். தகட்டில் இருந்தவையும் எண்களே; கணினியிற் புகுவனவும் எண்களே. இடம் மாறிய காரணத்தால் மட்டும் இசையின் தரம் குன்றுவதில்லை.

ஆனால், பெயர்த்ததைச் சேமித்து வைக்கும் முறைகள் வேறுபடும். எம்.பி.3 என்னும் முறை, செவிக்கு எளிதிற் புலனாகாதவை என்று கணித்தவற்றைக் களைந்து, இசையைப் பத்தில் ஒரு பங்கு அளவாகவும் சுருக்கவல்லது. களைந்தவை மீண்டும் வாரா. 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபிளாக் என்னும் முறையோ, ஒன்றையும் களையாது, இடத்தை மட்டும் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது. முன்னையது ஆடையை வெட்டிக் குறுக்குதல் போன்றது; பின்னையது மடித்து வைத்தல் போன்றது. மடித்ததை விரித்தால் ஓர் இழையும் குறைவதில்லை. குறுந்தகட்டில் ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் கொள்ளும். ஃபிளாக் முறையிற் சேர்த்தால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டில் அத்தகைய தகடுகள் இரண்டாயிரம் அடங்கும். ஆதலின், வீட்டில் உள்ள தகடுகளைப் பெயர்ப்போர் மடித்து வைக்கும் முறையையே மேற்கொள்ளுதல் நன்று.

பெயர்த்தவற்றுக்குப் பெயரிடுதலும் இன்றியமையாதது. பாடியவர், பாட்டு, இயற்றியவர், இராகம், தாளம் என்பவற்றை முறையே குறித்து வைத்தால், கேட்க விரும்பும் கீர்த்தனையைக் கணினி நொடிப்பொழுதில் எடுத்துக் கொடுக்கும். குறிப்பு எழுதாத களஞ்சியம் அட்டவணை இல்லாத நூலகத்தை ஒக்கும். பொருள் உள்ளே இருந்தும் பயன்படாது.

இனி, இசை ஓடிவரும் முறையைக் காணலாம். கணினி ஓர் அறையில் இருக்க, இசை மற்றோர் அறையில் ஒலிக்கின்றது. எண்கள் சிறு சிறு பொதிகளாகக் கம்பி வழியாகவோ, வை-ஃபை என்னும் கம்பியில்லா வழியாகவோ செல்லுகின்றன. இப்பொதிகள் ஒரே சீராக வந்து சேர்வன அல்ல. சில விரைந்து வரும், சில தாழ்த்து வரும். ஆதலின், பெறும் கருவி அவற்றைச் சிறிது தேக்கி வைத்துக்கொண்டே ஒலிக்கத் தொடங்குகின்றது. வாய்க்காலில் நீர் மிகுந்தும் குறைந்தும் வரினும், ஏரியிற் தேங்கிய நீர் மதகின் வழியே ஒரே சீராகப் பாய்கின்றதன்றோ? அதுபோன்றதே இதுவும். ஏரி வற்றினால் பாசனம் நிற்பதுபோல, தேக்கம் தீர்ந்தால் பாட்டும் நின்றுவிடும். தேங்கிய எண்களை மின்னலையாக மாற்றுவது ஓர் உறுப்பின் தொழில். கணினிக்குள் எழும் மின்னிரைச்சல் இசையிற் கலவாதிருக்க வேண்டி, சிலர் அவ்வுறுப்பைத் தனிப்பெட்டியாகக் கணினிக்கு வெளியே வைத்துக்கொள்வர்.

இவ்வோடை வீட்டுக் கணினியிலிருந்தும் வரலாம். இணையத்தின் வழியே தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியிலிருந்தும் வரலாம். சுவீடன் நாட்டில் 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்பாட்டிஃபை, 2019-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. அத்தகைய நிறுவனங்கள் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பாடல்களைத் தம்மிடத்தே வைத்துள்ளன. சிற்றூரில் வாழும் மாணவனும் உலக இசை அனைத்தையும் வீட்டிலிருந்தே கேட்கலாம். இஃது எளிய நன்மை அன்று.

எனினும், கேட்கும் உரிமை வேறு, உடைமை வேறு. தொலைவிலிருந்து வரும் இசை பிறர் வாய்க்கால் நீர் போன்றது. வீட்டிற் சேமித்த இசை தன் கிணற்று நீர் போன்றது. கூகிள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய தன் இசைப்பணியை 2020-ஆம் ஆண்டில் மூடியது. அதனைப் பயன்படுத்தியோர் தம் தொகுப்பைக் குறித்த காலத்துக்குள் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மைஸ்பேஸ் என்னும் இணையத்தளத்திலோ, கணினிகளை மாற்றியபோது, பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிய பாட்டுகள் அழிந்துபோயின என்பது 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வேறு படி வைத்திராத இசைஞர்க்கு அவ்விழப்பு ஈடுசெய்ய இயலாதது.

தமிழ் மக்களுக்கு இத்துன்பம் புதிதன்று. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கின்போது ஆற்றில் விட்டமையால் நூல்கள் மறைந்த செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையர் வருந்திக் கூறியுள்ளார். புதிய படி எழுதாத ஏடு செல்லுக்கு இரையாயிற்று. புதிய படி இருக்கிறது என்று எண்ணிப் பழையதைக் கைவிட்ட இடத்தும் சிலபோது இரண்டும் இல்லாது போயின. இன்றைய இசைக்கும் அந்நிலை வரலாம். வன்தட்டும் ஒருநாள் பழுதுபடும் பொருளே. ஆதலின், படிகள் இரண்டு எடுத்து, ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்தல் வேண்டும். படி எடுத்தபின்னும் தகடுகளை எறிந்துவிடாது, வெயிலும் ஈரமும் படாத இடத்திற் காத்தல் வேண்டும். கடையிற் கிடைக்கும் பாடல்களை மீண்டும் வாங்கலாம். ஆனால், ஊர்க் கோயில் திருவிழாவில் ஒருவர் வாசித்த நாகசுரத்தையும், வீட்டுப் பாட்டி பாடிய தாலாட்டையும் பதிந்த தகடு உலகில் ஒன்றே இருக்கலாம். அஃது எந்த நிறுவனத்தின் ஓடையிலும் வாராது.

புதியதை ஏற்றலும் பழையதைப் போற்றலும் தம்முள் முரணுவன அல்ல. வாய்க்கால் நீர் வந்தபோதும் கிணற்றைத் தூர்க்காதவனே அறிவுடைய உழவன். ஓடையின் வழியே உலகத்து இசையைக் கேட்டு மகிழ்வோர், தம் இல்லத்து இசையைத் தாமே காத்தலும் கடன் என்று உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு உள்ள வீட்டில், காற்றில் கரைந்துபோக வேண்டிய பாட்டியின் குரல் பேரன் மக்களுக்கும் கேட்கும்.