சீடத்துவமும் அன்றாடத் தொழிலும்

என்ன செய்யவேண்டும் என்னும் வினா லூக்கா 3ஆம் அதிகாரத்தில் மூன்று முறை எழுகிறது. யோவான் ஸ்நானனிடம் முதலில் திரளான மக்களும், பின்னர் ஆயக்காரரும், இறுதியில் போர்ச்சேவகரும் இதனைக் கேட்கின்றனர். அவர் கூடுதலான ஜெபத்தையோ உபவாசத்தையோ அவர்கள்மேல் சுமத்தவில்லை. இரண்டு அங்கியுடையோர் இல்லாதவரோடு பகிரவேண்டும். ஆயக்காரர் விதிக்கப்பட்டதற்குமேல் வாங்கலாகாது. சேவகர் எவரையும் மிரட்டிப் பணம் பறியாமல் தம் சம்பளமே போதுமென்றிருக்கவேண்டும் என்கிறார்.

இவ்விடைகள் எளியவையல்ல. அக்காலத்தில் சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. மிகுதியாகத் தண்டியதே ஆயக்காரரின் ஆதாயம். ஆகவே மனந்திரும்புதல் அவர்களது வருவாயையே தொட்டது. லேவி அத்தொழிலை விட்டெழுந்தார் (லூக். 5:28), சகேயுவோ அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தார் (19:8). வழிகள் வேறாயினும், இருவரிடத்திலும் விசுவாசம் பணப்பெட்டிவரை சென்றது.

நம் சபைகளிலோ விசுவாசியின் ஊழியத்தை ஆலயப் பணிகளைக்கொண்டே அளக்கிறோம். ஞாயிறன்று பாடற்குழுவில் நிற்பவர், திங்களன்று தம் மேசைக்கு வந்த ஏழையின் மனுவை என்ன செய்கிறார் என்று நமது அருளுரைகள் வினவுவதில்லை. காணிக்கை எவ்வாறு ஈட்டப்பட்டது என்று கேட்கத் தயங்கும் ஆயர், யோர்தான் கரையில் எழுந்த அவ்வினாவுக்கு விடையளிக்க இயலாது.