ஜெர்மனியில் படிப்பு இலவசம்... ஆனா எந்த காலேஜ்ல, யாருக்கு? கட்டணம் எங்கே வருகிறது?

'ஒரு ரூபாய் ஃபீஸ் இல்லாமல் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்'. இன்ஸ்டா ரீல்ஸ்லயும் கன்சல்டன்சி போர்டுகளிலும் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது. இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 'ஜெர்மனி இலவசம்' என்பதும் 'ஜெர்மனியில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் இலவசம்' என்பதும் ஒன்று அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்து போட்டால் பல லட்சம் ரூபாய் கடன்தான் மிச்சமாகும்.

2023-24 குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி ஜெர்மனியில் படிக்கும் இந்திய மாணவர்கள் 49 ஆயிரத்துக்கும் மேல். சீனாவைத் தாண்டி, அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம். இவ்வளவு பேர் போவதற்கு முக்கியக் காரணமே அந்தக் கட்டண விலக்குதான்.

அரசு ஏன் ஃபீஸ் வாங்குவதில்லை?

எப்போதுமே வாங்கியதில்லை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 16 மாநிலங்கள். உயர்கல்வி மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது. கல்விக் கட்டணத்துக்கு மத்திய அரசு போட்டிருந்த தடை செல்லாது என்று 2005-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உடனே சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வசூலிக்க ஆரம்பித்தன. சொந்த நாட்டு மாணவர்களிடமும்தான்.

மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பவேரியா மாநிலத்தில் மக்களிடம் கையெழுத்து வாங்கி, 2013-ல் கட்டணத்தையே ரத்து செய்ய வைத்தார்கள். கடைசியாக லோயர் சாக்சனி மாநிலமும் 2014-ல் கைவிட்டது. அந்த விலக்கு குடியுரிமை பார்க்காமல் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. அதாவது மதுரையிலிருந்து போகும் மாணவருக்கும் மியூனிக்கில் பிறந்தவருக்கும் ஒரே விதி. படித்து முடித்தவர்களில் கொஞ்சம் பேராவது அங்கேயே வேலை பார்த்து வரி கட்டுவார்கள் என்ற கணக்கும் இதில் உண்டு. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நாடாச்சே!

அப்போ எல்லா இடத்திலும் இலவசமா?

இங்கேதான் விஷயம் இருக்கு. ஹைடல்பெர்க், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபர்க் எல்லாம் நம்ம பசங்க விரும்பி விண்ணப்பிக்கும் ஊர்கள். இவை இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், 2017-18 குளிர்கால செமஸ்டரில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் கொண்டுவந்தது. 4 செமஸ்டர் மாஸ்டர்ஸ் என்றால் 6,000 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று குறைத்து வைத்துக்கொண்டாலே 6 லட்சம்.

அந்தச் சட்டத்திலேயே விலக்கும் இருக்கிறது. பிஎச்டி மாணவர்கள், ஜெர்மனியிலேயே பள்ளிப்படிப்பு முடித்தவர்கள், அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் போன்றோர் இதில் வருவார்கள். இந்தியாவில் டிகிரி முடித்து மாஸ்டர்ஸுக்குப் போகும் சாதாரண மாணவருக்கு அதில் பெரிதாக இடமில்லை.

அடுத்தது பவேரியா. 10 வருடம் முன்பு மக்கள் கையெழுத்தால் கட்டணத்தை எடுத்த அதே மாநிலம், 2023-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் வெளிநாட்டு மாணவர்களிடம் வசூலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது எல்லோரும் 'டியூஎம்' என்று சொல்வது, 2024-25 குளிர்கால செமஸ்டரில் அதைப் பயன்படுத்திக்கொண்டது. இளநிலைக்கு செமஸ்டருக்கு 2,000 முதல் 3,000 யூரோ, முதுநிலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ. 4 செமஸ்டருக்குக் கணக்கு போட்டால் 16 முதல் 24 லட்சம் ரூபாய். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் அதே படிப்பைத் தொடரும்வரை கட்ட வேண்டியதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி உதவித்தொகைகள் இருக்கின்றன, ஆனால் தானாகக் கிடைக்காது.

அண்ணன் 2021-ல் டியூஎம்-ல் ஃபீஸ் இல்லாமல் படித்திருக்கலாம். அதை வைத்து தம்பிக்கு பட்ஜெட் போட்டால் கணக்கு உதைக்கும்.

படிப்பின் வகையும் முக்கியம். இளநிலையின் தொடர்ச்சியாக வரும் மாஸ்டர்ஸுக்குத்தான் விலக்கு. வேலை அனுபவம் கேட்கும் எம்பிஏ போன்றவற்றுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களே கட்டணம் வாங்கும்.

ஃபீஸ் இல்லை, சரி. கையில் எவ்வளவு வேணும்?

செமஸ்டருக்கு 100 முதல் 350 யூரோ வரை ஒரு தொகை எல்லோருமே கட்ட வேண்டும். மாணவர் விடுதி, கேன்டீன் போன்ற மாணவர் சேவைகளுக்கான பங்களிப்பு, பல இடங்களில் பஸ்-ரயில் பாஸ் எல்லாம் இதில் அடக்கம். இது பெரிய சுமை இல்லை.

பெரிய தொகை விசாவில்தான் வருகிறது. ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலானோர் 'ப்ளாக்டு அக்கவுண்ட்' திறந்து அதில் போடுகிறார்கள். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. அதே 100 ரூபாய் கணக்கில் சுமார் 12 லட்சம். இது யாருக்கோ கட்டும் கட்டணம் அல்ல, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்ப வரும். ஆனால் கிளம்புவதற்கு முன் மொத்தமாகப் புரட்ட வேண்டும். 'இலவசப் படிப்பு' என்று நம்பிய குடும்பங்கள் முதலில் திகைத்து நிற்பது இங்கேதான்.

இதோடு, இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் 'ஏபிஎஸ்' சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம். மருத்துவக் காப்பீடு மாதம் 120 யூரோவுக்கு மேல் ஆகும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது ஒரு ஆறுதல். அதை நம்பி ப்ளாக்டு அக்கவுண்ட் போடாமல் இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ப்ளஸ் டூ முடித்ததும் நேராகப் போகலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானம். ப்ளஸ் டூ மார்க் மட்டும் பொதுவாகப் போதாது. இங்கே ஒரு வருடம் கல்லூரி முடித்திருக்க வேண்டும், அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு பாஸ் செய்திருக்க வேண்டும். அதுவும் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான்.

ஏஜென்ட் சொல்லும் காலேஜ் அரசுதானா?

ஜெர்மனியில் தனியார் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அங்கே ஆங்கிலத்தில் பாடம், சீக்கிரம் அட்மிஷன், வருடத்துக்குப் பல ஆயிரம் யூரோ கட்டணம். கட்டண விலக்கு இவற்றுக்குப் பொருந்தாது. மாணவர் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்கு கமிஷன் வருவதும் பொதுவாகத் தனியார் பக்கத்தில் இருந்துதான். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே நேரடியாகவோ 'யுனி அசிஸ்ட்' தளம் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு தலா 30 யூரோ.

செக் செய்வதும் சுலபம். 'ஹோக்ஷூல்கொம்பாஸ்' இணையதளத்தில் கல்லூரி பெயரைத் தேடினால் அரசா, தனியாரா என்று காட்டும். டிஏஏடி தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் கட்டணம் தனியாகப் போட்டிருக்கும்.

கையில் வரும் ஆவணத்தில் 'செமஸ்டர்பைட்ராக்' என்று இருந்தால் அது எல்லோரும் கட்டும் அந்தச் சின்னத் தொகை. 'ஸ்டூடியன்கெபூரன்' என்று இருந்தால் அது கல்விக் கட்டணம், விலக்கு உங்களுக்கு இல்லை என்று அர்த்தம்.