வங்கிப் பரீட்சையும் கடைக் கணக்கும்

வியாபாரச் சகோதரர்களே! இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்றவற்றின் ஆட்சேர்ப்புப் பரீட்சைகளில் நுண்ணறிவு வினாக்களும் வருவதுண்டு. தோற்றவிருக்கும் என் மகனுக்குப் பதுளையில் எங்கள் கடை மேசையிலேயே பயிற்சி நடக்கிறது. அவன் தடுமாறிய வினா இது:

"எல்லாச் சில்லறைக் கடைக்காரர்களும் வியாபாரிகள். சில வியாபாரிகள் கடனாளிகள். ஆகவே, சில சில்லறைக் கடைக்காரர்கள் கடனாளிகள்." சரியா, பிழையா?

சரி என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். விடை பிழை! வென் வரிப்படம் கீறினால் விளங்கும். வியாபாரிகள் என்ற பெரிய வட்டத்துக்குள் கடைக்காரர் வட்டம் முழுதாக அடங்கும். கடனாளி வட்டம் பெரிய வட்டத்தை வெட்டினால் போதும். சிறிய வட்டத்தைத் தொட வேண்டியதில்லை. 'இருக்கலாம்' வேறு, 'இருக்கிறது' வேறு.

இதே பிழையைக் கடையிலும் செய்திருக்கிறேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இருவர் பாக்கி வைத்ததற்காக, அத்தோட்டத்தவர் எவருக்கும் கடன் கொடுக்கவில்லை. நாணயமான வாடிக்கையாளர் பலரை இழந்தேன். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்-பகரா 282ஆம் வசனம் பணிக்கிறது. ஏட்டைப் பார்த்து ஒவ்வொருவரையும் தனித்தனியே தீர்மானிப்பதே முறை.

பிள்ளைகளுக்குத் தினமும் 10 வினாக்களை நேரம் குறித்துக் கொடுங்கள். பிழைத்தவற்றை வட்டம் கீறி உங்களுக்கே விளக்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், இருவருக்கும் பயன் கிடைக்கும்.