பணியும் பாட்டும்

செய்தே தீரவேண்டிய கடமை ஒருபுறம். உள்ளம் விழையும் இன்பம் மறுபுறம். இன்பத்தை நாடிக் கடமையை நாளைக்கென ஒத்திவைக்கின்றோம். பின்னர்க் கடமை நெருக்கும்போது இன்பத்தையும் இழக்கின்றோம். இவ்விரண்டினையும் ஒருங்கே இணைக்கும் நெறியினை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதனை ஈண்டுச் சிந்திப்போம்.

உரலில் உலக்கை கொண்டு இடிப்பது உடலை வருத்தும் வேலை. பெண்கள் கூடிப் பாடிக்கொண்டே இடித்தனர். பாட்டின் தாளமே உலக்கையின் தாளமாயிற்று. அவ்வழக்கினை மாணிக்கவாசகர் திருப்பொற்சுண்ணமாக்கினார். இறைவன் திருமஞ்சனத்திற்கு நறுஞ்சுண்ணம் இடிக்கும் மகளிர் பாடுவனவாக 20 பாடல்கள் அதன்கண் உள்ளன. மலர் கொய்வதற்குத் திருப்பூவல்லியும் அருளினார்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் தோல் தொழில் ஊர்களில் வாழும் நமக்கு இன்னும் அணுக்கமான சான்று, பெரியபுராணம் போற்றும் திருநாளைப்போவார். பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அவர் திருக்கோயில்களுக்கு அளித்தார். குலத்தின் பெயரால் வாயிலுக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட அப்பெருந்தகை, அங்கேயே அன்பு மேலிட்டு ஆடினார், பாடினார். தாம் அளித்த தோல் முழவாகி உள்ளே ஒலிக்கும் என்னும் களிப்பு, அவர்தம் கைத்தொழிலோடு கலந்தே இருந்ததன்றோ!

இக்காலத்து ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. அமெரிக்காவில் கேத்தரின் மில்க்மன் முதலியோர் 2014-இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். சுவைமிக்க கதைகளின் ஒலிப்பதிவை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு சாரார்க்கு விதித்தனர். கதையின் மேல் வைத்த ஆவலால், அவர்கள் தொடக்கத்தில் மற்றையோரினும் 51 விழுக்காடு மிகுதியாகப் பயிற்சிக்கு வந்தனர். ஆயின், இடையே விடுமுறை வந்ததும் அப்பழக்கம் தளர்ந்தது. விழா முடிந்த மறுநாளே பணியைத் தொடங்கவேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

ஆம்பூர்ப் பகுதியில் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்து, இணைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தாய்மார் பலர். ஊசி பிடித்த கை அறிந்த வழியே செல்லும்; செவியும் நாவும் ஓய்ந்திருக்கும். நால்வர் கூடி அமர்ந்து நாளொரு பதிகம் பயின்றால், தையலும் வளரும். திருமுறையும் நெஞ்சில் பதியும். அப்பதிகத்தைத் தையல் வேளைக்கென்றே வைத்துக்கொண்டால், பாட்டின் விருப்பமே ஊசியை எடுக்கச் செய்யும்.

எல்லாப் பணிக்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தாது. தோல் வெட்டும் பொறியின்முன் நிற்பவர்க்கும், மருந்துநீர் கலப்பவர்க்கும், கணக்கு எழுதுபவர்க்கும் கருத்துச் சிதறலாகாது. அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நடையிலே பாட்டினை இணைத்துக்கொள்ளலாம். மேலும், பாடிக்கொண்டு செய்கின்றாரே என்று உழைப்பாளியின் கூலியைக் குறைத்தல் அறமன்று. பாட்டு வருத்தத்தை ஆற்றும், ஊதியத்திற்கு ஈடாகாது.

ஆகவே அன்பர்களே, தள்ளிப்போட்ட பணி ஒன்றையும் விரும்பும் இன்பம் ஒன்றையும் இன்றே தேர்ந்து இணைத்திடுவோம். பணி இனிக்கும், பாட்டும் பயன் தரும். திருவருள் துணைநிற்பதாக!