கழிவறைப் பழக்கம்: குழந்தை தயாரா என்று எப்படி அறிவது?

சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்ளும் திறன் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குப் பிறகே மெல்ல வருகிறது. சிலருக்கு மூன்று வயதும் தாண்டும். பாபநாசம் வட்டாரக் கிராமங்களில் கைக்குழந்தையைக் கால்மேல் உட்கார்த்தி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லிச் சிறுநீர் கழிக்க வைப்பார்கள். நல்ல வழக்கந்தான். ஆனால் அங்கே நேரம் பார்ப்பது அப்பாயி; அடக்கக் கற்றது குழந்தையல்ல.

தயாரான குழந்தையின் ஜட்டி இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருக்கும். ஈரமானால் இழுத்துக் காட்டும். கதவு மறைவில் போய் நின்று முக்கும். ‘ஆய் வருது’ என்று சொல்லும் அல்லது சாடை காட்டும். குந்தி உட்கார்ந்து எழவும், ஜட்டியைக் கீழே இறக்கவும் தெரிந்திருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நடவு வேலை தொடங்குகிறது, பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற அவசரம் குழந்தையின் உடலுக்குத் தெரியாது. அடித்து உட்கார வைத்தால் பயத்தில் மலத்தை அடக்கும். அது இறுகி, வெளியேறும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தால் சிக்கல் கூடும். மலத்தில் ரத்தம், சிறுநீர் கழிக்கையில் அழுகை, காய்ச்சல், நன்கு பழகிய குழந்தை திடீரென நனைக்கத் தொடங்குவது ஆகியவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போக வேண்டும். ஐந்து வயதுவரை இரவில் படுக்கை நனைவது நோயல்ல.

பிள்ளையின் மலம் தீங்கற்றது என்று வாய்க்காலில் வீசுவதும் தவறு. பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கலாம். கழிவறையில் கொட்டி, பெரியவரும் குழந்தையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாய்க்கால் கரையில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு நகர்வது உயிருக்கே ஆபத்து.

நனைத்துக்கொள்கிறது என்பதற்காக அங்கன்வாடி ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்புவது முறையல்ல. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கியிருக்கிறது. மறுக்கப்பட்டால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் புகார் தரலாம். படுக்கையை நனைத்ததற்குச் சூடு போடுவது கொடுமை. பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் துன்புறுத்தினால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கண்டவர் யாரானாலும் 1098 என்ற எண்ணில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.