நோயால் வந்த காப்பும் ஊசியால் வந்த காப்பும்

ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் அணுகுவது அரிது என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அம்மைத் தழும்பு உடையவரையே நோயாளிக்குப் பணிவிடை செய்ய அமர்த்தும் வழக்கம் இருந்தது. அம்மைக் கொப்புளத்தின் சீழை நலமுள்ளவரின் தோலில் கீறி ஏற்றும் முறை 18-ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் பரவலாக வழங்கியது. அதில் ஆபத்து இருந்தது. 1796-இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு அதே பயனைக் குறைந்த ஆபத்தில் பெறும் வழியைக் காட்டினார். நோயை அனுபவிக்காமலேயே நோய் தரும் காப்பைப் பெறுவதுதான் அன்று முதல் தடுப்பூசியின் இலட்சியமாக இருந்து வருகிறது.

2020 ஜனவரி 30-ஆம் தேதி கேரளத்தில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பின்வந்த ஆண்டுகளில் சுகாதாரப் பணியாளர்கள் ஊர்தோறும் இரண்டு கேள்விகளைச் சந்தித்தனர். "எனக்குத்தான் நோய் வந்து போய்விட்டதே, இனி ஊசி எதற்கு?" என்பது ஒன்று. "ஊசி போட்டுக்கொண்டும் நோய் வந்துவிட்டதே, பின் ஊசியால் என்ன பயன்?" என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. தொற்று ஏற்படாமல் தடுப்பதும், ஏற்பட்ட தொற்று கடுமையாகாமல் தடுப்பதும் வெவ்வேறு என்பதை உணராமையே அந்த வேர்.

உடலின் இரு அரண்கள்

ஒரு கிருமியை எதிர்கொண்ட உடல் இருவகை அரண்களை அமைத்துக்கொள்கிறது. முதல் அரண் எதிர்ப்பொருள்கள். இவை இரத்தத்திலும் மூக்கு, தொண்டை ஆகியவற்றின் சளிப்படலத்திலும் உலவி, வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் அதைப் பற்றி முடக்குகின்றன. ஆனால் இவற்றின் அளவு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டால் பழைய எதிர்ப்பொருள் அதனைச் சரிவரப் பற்ற முடிவதில்லை.

இரண்டாம் அரண் நினைவு செல்கள். இவற்றுள் பி செல்கள் மீண்டும் கிருமியைக் கண்டதும் புதிதாக எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. டி செல்களில் ஒரு வகை, தொற்றுக்கு ஆளான செல்களைத் தேடி அழிக்கிறது. இந்த அரண் நெடுநாள் நிற்கக்கூடியது. 2003-இல் சார்ஸ் நோய் கண்டு மீண்டவர்களின் உடலில் 17 ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நோயின் வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் இருந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் இந்த அரண் செயல்படச் சில நாட்கள் தேவை.

இந்தச் சில நாட்களில்தான் மர்மம் அடங்கியுள்ளது. தட்டம்மை வைரஸ் உடலுள் புகுந்து, இரத்தத்தின் வழியே பரவி, நோயாக வெளிப்பட ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. அதற்குள் நினைவு செல்கள் விழித்துக்கொள்கின்றன. 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, 1781-இல் அந்நோய் கண்டிருந்த முதியவர்கள் 65 ஆண்டுகளுக்குப் பின்னும் அதனால் பாதிக்கப்படவில்லை என டென்மார்க்கு மருத்துவர் பானும் பதிவு செய்தார். கொரோனா வைரஸோ மூக்கின் உட்பரப்பிலேயே இரண்டு மூன்று நாட்களில் பெருகிப் பிறருக்கும் பரவிவிடுகிறது. நினைவு செல்கள் அணிதிரள்வதற்குள் தொற்று நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் அது நுரையீரலைச் சென்று தாக்குவதற்குள் அவை பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகின்றன. எனவே மறுதொற்று எளிதில் ஏற்படுகிறது. ஆனால் அது பெரும்பாலும் மிதமாகவே கழிகிறது.

இது புதிய வைரஸுக்கு மட்டும் உரிய இயல்பன்று. சாதாரண சளியை உண்டாக்கும் கொரோனா வைரஸ் ஒன்றைத் தன்னார்வலர்களுக்குச் செலுத்தி இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் அதே வைரஸை மீண்டும் செலுத்தியபோது பலருக்குத் தொற்று ஏற்பட்டது. ஆயினும் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. பின்னாளில் உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் அச்சிறிய சோதனையிலேயே அடங்கியிருந்தது.

இரண்டு வழிகளின் ஒப்பீடு

இயற்கைத் தொற்று முழு வைரஸையும் உடலுக்கு அறிமுகப்படுத்துகிறது. அது மூக்கின் வழியே வருவதால் சளிப்படலத்திலும் ஓரளவு காப்பு உண்டாகிறது. இவை அதன் நிறைகள். குறைகளோ பெரியவை. யாருக்கு எவ்வளவு காப்பு கிடைக்கும் என்பதில் ஒழுங்கில்லை. அறிகுறியின்றித் தொற்று வந்து போனவர்களில் சிலருக்கு எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவே தோன்றியது. எல்லாவற்றிலும் மேலாக, இந்தக் காப்பைப் பெறப் பலர் உயிரையே விலையாகத் தர நேர்ந்தது.

தடுப்பூசி அளந்து கொடுக்கும் பாடம் போன்றது. நம் நாட்டில் 2021 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கிய இயக்கத்தில் முதலில் இரண்டு தடுப்பூசிகள் பயன்பட்டன. புனேயில் தயாரான கோவிஷீல்டு, சிம்பன்சி குரங்கின் அடினோ வைரஸ் ஒன்றைப் பெருகாதவாறு மாற்றி, கொரோனாவின் கூர்முனைப் புரதத்தை உண்டாக்கும் குறிப்பை மட்டும் அதன் வழியே செல்லுக்கு எடுத்துச் செல்கிறது. பாரத் பயோடெக் நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் இணைந்து உருவாக்கிய கோவாக்சின், செயலிழக்கச் செய்த முழு வைரஸைக் கொண்டது. இரண்டும் தசையில் செலுத்தப்படுபவை. ஆகவே இரத்தத்தில் காப்பு வலுவாக அமைய, மூக்கின் சளிப்படலத்தில் அது குறைவாகவே அமைகிறது. இக்குறையை நீக்கும் நோக்கில் மூக்கில் சொட்டாக விடும் தடுப்பு மருந்தொன்று 2023 ஜனவரியில் நம் நாட்டில் வெளியிடப்பட்டது.

தில்லி கற்பித்த பாடம்

நோயால் வந்த காப்பை மட்டும் நம்பியிருத்தல் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குத் தலைநகரே சான்று. 2021 ஜனவரியில் தில்லியில் சுமார் 28,000 பேரிடம் நடத்திய இரத்தப் பரிசோதனையில் 56 சதவிகிதத்தினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. பாதிக்கும் மேற்பட்ட மக்கள் நோயைக் கண்டுவிட்டதால் இனி அது அடங்கிவிடும் எனப் பலர் எண்ணினர். ஆனால் ஏப்ரல் 20-ஆம் தேதி அந்நகரில் ஒரே நாளில் 28,000-க்கும் அதிகமான புதிய நோயாளிகள் பதிவாயினர். படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் மக்கள் அலைந்த துயரம் இன்னும் மறக்கப்படவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது? ஒரு நோயாளி சராசரியாக 2.5 பேருக்கு நோயைப் பரப்பும் நிலையில், மக்களில் 60 சதவிகிதத்தினருக்குக் காப்பு இருந்தால் பரவல் தேயத் தொடங்கும். ஒருவர் 6 பேருக்குப் பரப்பும் ஆற்றல் வைரஸுக்கு வந்துவிட்டால் 83 சதவிகிதம் தேவைப்படும். டெல்டா என்னும் உருமாறிய வகை முன்னதைவிட மிக வேகமாகப் பரவியது; பழைய எதிர்ப்பொருளிலிருந்து ஓரளவு தப்பிக்கும் திறனும் அதற்கு இருந்தது. முந்தைய தொற்றால் வந்த எதிர்ப்பொருளும் குறைந்து வந்தது. கணக்கின் அடிப்படையே மாறிவிட்டதால் கணிப்பும் பொய்த்தது.

நாடு தழுவிய ஆய்வுகளும் இதையே வலியுறுத்தின. 2020 டிசம்பர், 2021 ஜனவரி மாதங்களில் நடந்த மூன்றாம் ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே எதிர்ப்பொருள் இருந்ததைக் காட்டியது. இரண்டாம் அலைக்குப் பின் 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காம் ஆய்வில் இது 67.6 சதவிகிதமாக உயர்ந்தது. அந்த ஆய்வில் ஊசி போடாதவர்களில் 62.3 சதவிகிதத்தினருக்கும், ஒரு தவணை பெற்றவர்களில் 81 சதவிகிதத்தினருக்கும், இரு தவணையும் பெற்றவர்களில் 89.8 சதவிகிதத்தினருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது.

புள்ளிவிவரங்கள் உணர்த்துவது

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 2021-இல் இரண்டாம் அலையின்போது தன் ஊழியர்களிடையே நடத்திய ஆய்வு இங்கு நினைவுகூரத் தக்கது. இரு தவணை ஊசி, தொற்றுக்கு எதிராக 65 சதவிகிதமும், மருத்துவமனையில் சேர்வதற்கு எதிராக 77 சதவிகிதமும், ஆக்ஸிஜன் தேவைப்படுவதற்கு எதிராக 92 சதவிகிதமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்வதற்கு எதிராக 94 சதவிகிதமும் காப்பளித்தது. நோய் கடுமையாகும் ஒவ்வொரு படியிலும் காப்பின் அளவு உயர்வதைக் காணலாம். முற்கூறிய இரண்டாம் கேள்விக்கு இதுவே விடை.

முதல் கேள்விக்கான விடையை, ஓமிக்ரான் வகை பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை தருகிறது. முந்தைய தொற்று மட்டும் இருந்தவர்களுக்கு ஓராண்டுக்குப் பின் மறுதொற்றுக்கு எதிரான காப்பு சுமார் 25 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. கடும் நோய்க்கு எதிரான காப்போ சுமார் 75 சதவிகிதமாக நின்றது. தொற்றும் தடுப்பூசியும் சேர்ந்து அமைந்த கலப்புக் காப்பில் இவை முறையே 42, 97 சதவிகிதமாக இருந்தன. ஆகவே நோய் வந்தவருக்குக் காப்பே இல்லை என்பதும் தவறு. அதுவே போதும் என்பதும் தவறு. ஊசி அவருக்கு இருக்கும் காப்பை உறுதிப்படுத்துகிறது.

2022 ஜனவரியில் ஓமிக்ரான் அலை உச்சத்தில் இருந்தபோது நம் நாட்டில் ஒரே நாளில் சுமார் 3.47 லட்சம் பேருக்குத் தொற்று பதிவாயிற்று. முந்தைய ஆண்டு மே மாத உச்சமான 4.14 லட்சத்துக்கு இது அதிகத் தொலைவில் இல்லை. ஆயினும் உயிரிழப்பு மிகவும் குறைவாக இருந்தது. அப்போது வயது வந்தோரில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் ஒரு தவணையாவது பெற்றிருந்தனர். ஓமிக்ரான் இயல்பிலேயே டெல்டாவைவிடச் சற்று மிதமானது என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில், முந்தைய தொற்றும் குறைந்து, முதியோரில் பெரும்பாலோர் ஊசியும் போடாதிருந்த ஹாங்காங்கில் அதே வகை பெரும் உயிரிழப்பை விளைவித்தது. வேறுபாடு வைரஸில் மட்டுமன்று, மக்களின் காப்பிலும் இருந்தது.

நிர்வாகத்துக்கான படிப்பினைகள்

நோயிலிருந்து மீண்டவர் மூன்று மாதம் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என 2021 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்தது. தட்டுப்பாடான காலத்தில், தற்காலிகக் காப்பு உடையவரைச் சற்றே காக்கவைத்து, காப்பே இல்லாதவருக்கு முன்னுரிமை தர அது வழி செய்தது. மறுதொற்றைக் கணக்கிடுவதிலும் தெளிவு வேண்டும். செயலிழந்த வைரஸின் துணுக்குகள் பல வாரங்கள் பரிசோதனையில் தென்படக்கூடும். ஆகவே, குறைந்தது 102 நாள் இடைவெளியில் இருமுறை தொற்று உறுதியாகி, இடையில் ஒருமுறை தொற்று இல்லையென முடிவு வந்திருந்தால் மட்டுமே அதை மறுதொற்றாகக் கொள்ளலாம் என மருத்துவ ஆராய்ச்சிக் குழும அறிவியலாளர்கள் வரையறுத்தனர்.

2022 ஜூலை 17-ஆம் தேதி நாடு 200 கோடித் தவணைகளைக் கடந்தது. 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. வைரஸ் மறைந்துவிடவில்லை, அதை எதிர்கொள்ளும் மக்களின் நிலைதான் மாறியது. அதற்கேற்ப, முதியோர், நாட்பட்ட நோயுடையோர், எதிர்ப்புத் திறன் குன்றியோர், கருவுற்ற தாய்மார், முன்களச் சுகாதாரப் பணியாளர் ஆகியோருக்கே கூடுதல் தவணையில் முதலிடம் தரவேண்டும் என அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2023 மார்ச்சில் பரிந்துரைத்தது.

அடுத்த கொள்ளைநோய் எதுவாயினும், களத்தில் நிற்கும் பணியாளர் முதலில் மக்களுக்கு விளக்க வேண்டியது இந்த வேறுபாட்டையே. ஊசி போட்டால் நோயே வராது என்று வாக்களித்துவிட்டால், முதல் மறுதொற்றிலேயே மக்களின் நம்பிக்கை தளர்ந்துவிடும். தொற்று வரலாம், ஆயினும் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும் என்ற உண்மையை முதலிலேயே எடுத்துரைத்தால், அந்த நம்பிக்கை நிலைத்து நிற்கும்.